தூங்க வைத்த வரி

அந்தக் கடையில் இருந்த கணினி பழையது. படம் திருத்தும் நிரலை எல்லாரும் திறக்கிற மாதிரி திறந்தால், எதிர்க்கடைக்குப் போய் ஒரு கோப்பி வாங்கி, ஆற விட்டுக் குடித்துத் திரும்பும்போதும் அது திறந்துகொண்டுதான் இருக்கும். முதலில் ஒரு வரவேற்புப் படம் வரும். அதன் அடியில் தூரிகைகளை ஏற்றுகிறேன், எழுத்துருக்களை ஏற்றுகிறேன் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருக்கும்.

நான் அப்படித் திறப்பதில்லை. திரையில் கறுப்பாக ஒரு சன்னலைத் திறப்பேன். அதில் எழுத்தைத் தவிர வேறு எதுவும் தெரியாது. நிரலின் பெயரைத் தட்டி, பின்னால் சில சொற்களைச் சேர்ப்பேன். வரவேற்பு வேண்டாம் என்பதற்கு ஒரு சொல். தூரிகைகளைக் கொண்டுவராதே என்பதற்கு ஒன்று. முகமே காட்டாதே என்பதற்கு ஒன்று. பிறகு செய்ய வேண்டிய வேலையை ஒரே மூச்சில் எழுதி முடிப்பேன். நிரல் வரும்; வந்தது தெரியாது. வேலை நடக்கும், நடப்பது தெரியாது. கொஞ்ச நேரம் கழித்து ஒரு சின்னக் கோடு மட்டும் மினுங்கும், அடுத்தது என்ன என்று கேட்டபடி. அதற்குள் படங்கள் எல்லாம் மாறியிருக்கும். மழை நாளில் நான் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க, நனைந்தவர்கள் வரிசையாக உள்ளே வந்து, தலை துவட்டிக்கொண்டு, பின்வாசல் வழியாகப் போய்விட்டது போல இருக்கும். யாரையும் நான் பார்த்திருக்க மாட்டேன்.

இப்படிப் பழகியதற்குக் கணினி மட்டும் காரணமில்லை. என் வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பாதிதான். மலேசியாவின் தென்கோடியில், கெலாங் பாத்தாவில், ஓர் அறையில் எட்டுப் பேரோடு தங்கி, தினமும் பஸ்ஸில் பாலம் தாண்டி, சிங்கப்பூரில் தகடு வெட்டும் தொழிற்சாலைக்குப் போய்வந்த காலத்தில் போனவை. கட்டுப் பிரித்த பிறகு மவுஸைப் பிடித்தால் திரையில் அம்பு ஓரிடத்தில் நிற்காது. தட்டச்சு அப்படியில்லை. மிச்சமிருந்த விரல்களுக்கு எழுத்துகள் எங்கே இருக்கின்றன என்று சொல்லிக் கொடுத்தால் போதும்.

கடை இருந்த ஊரான யோங் பெங்குக்கு நான் திட்டம் போட்டு வரவில்லை. வடக்கே போகிற பஸ் அங்கே நின்றது. கழிப்பறைக்கு இறங்கினேன். திரும்பி வந்தபோது பஸ் இல்லை, அதில் இருந்த என் பையும் இல்லை. எதிரே ஓர் அச்சுக் கடையின் கண்ணாடியில் ஆள் தேவை என்று மலாயில் எழுதி ஒட்டியிருந்தது. கடை ஒரு சீன அம்மாவுடையது. எல்லாரும் அவரைத் தவுக்கே, அதாவது முதலாளி, என்றுதான் கூப்பிட்டார்கள். கணினி தெரியுமா என்று கேட்டார். பாதி தெரியும் என்றேன். கையைப் பார்த்தார். அதுவும் பாதிதானா என்று கேட்டுச் சிரித்துவிட்டு, பின்கட்டில் படுக்க இடம் காட்டினார்.

ஒரு மாதத்தில் வேறொரு பஸ்ஸில் ஏறிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். அந்தத் தெருவில் எல்லாரும் வழியில் நிற்பவர்கள்தாம். தூக்கக் கலக்கத்தோடு பஸ்ஸிலிருந்து இறங்குவார்கள், மீன் உருண்டை சூப் குடிப்பார்கள், இது எந்த ஊர் என்று கேட்காமலேயே ஏறிப் போவார்கள். கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தால், நானும் இன்னும் பஸ்ஸுக்குள்தான் இருக்கிறேன், கடைதான் ஓடிக்கொண்டிருக்கிறது என்று தோன்றும்.

என் படிப்பு ஆறாம் வகுப்போடு நின்றது. எனக்கு முன்னால் அங்கே வேலை செய்தவர் திரையின் ஓரத்தில் ஒரு துண்டுத்தாளை ஒட்டிவிட்டுப் போயிருந்தார். அதில் ஐந்தாறு கட்டளைகள் இருந்தன. அவற்றைத் தட்டித் தட்டிப் பார்த்தேன். உதவி என்று ஆங்கிலத்தில் கேட்டால் நிரல் ஒரு நீளப் பட்டியலைக் கொட்டும். பஸ் நிறுத்தங்களின் பெயர்களைப் படிப்பது மாதிரி அதைப் படித்தேன். எல்லா ஊரும் தெரிய வேண்டியதில்லை. எங்கே இறங்குவது என்று தெரிந்தால் சரி.

எனக்கு மிகவும் பிடித்தது அந்த நிரலின் அமைப்புக் கோப்பு. எவ்வளவு நினைவகம் எடுத்துக்கொள்ளலாம், அரைகுறை வேலையை எங்கே வைக்கலாம் என்பதெல்லாம் அதில் வரி வரியாக இருக்கும். பல வரிகளுக்கு முன்னால் வேலித் துண்டு மாதிரி ஒரு குறி, நிற்கிற கோடு இரண்டு, படுக்கிற கோடு இரண்டு. அது முன்னால் இருந்தால் நிரல் அந்த வரியைப் படிக்காது. வரி அழிந்துவிடுவதில்லை, அங்கேயே தூங்கும். குறியை எடுத்தால் எழுந்து வேலைக்குப் போகும். வேலையில்லாத மத்தியானங்களில் அந்தக் கோப்பைத் திறந்து, தூங்குகிற வரிகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எப்போதோ யாரோ எழுதி, இப்போதைக்கு வேண்டாம் என்று வேலி போட்டுவிட்டுப் போனவை. நான் எழுதும் கோப்புகளிலும் அதே வழக்கத்தை வைத்துக்கொண்டேன்.

அந்த அக்கா வந்தது அப்படி ஒரு மத்தியானத்தில். ஐம்பது வயது இருக்கும். பெக்கோக் என்ற ஊரில் வாழ்க்கைப்பட்டவர், பிறந்தது யோங் பெங் பக்கம். மகளின் கல்யாணக் கார்டுக்காக வந்திருந்தார்.

"மாதா கோயில்ல கல்யாணம் தம்பி. சிலுவை போடுங்க. ஆனா குத்துவிளக்கும் போடுங்க."

"போட்டுடலாம்கா."

"ரெண்டும் ஒரே அளவுல இருக்கணும். ஒண்ணு பெருசா இருந்தா கல்யாணத்தன்னைக்கு ஸ்கேல் எடுத்துக்கிட்டு வந்து நிப்பாங்க."

மணமக்கள் பெயரையும் பெற்றோர் பெயரையும் சொன்னார். தட்டினேன். தாய்மாமன் வரிக்கு வந்ததும் நிறுத்தி, ஒரு பெயரைச் சொன்னார்.

"பேரு அடிச்சு வைங்க. ஆனா தெரியக் கூடாது."

"அடிச்சா தெரியுமேக்கா."

"அப்புறம் எதுக்கு கம்பியூட்டர் வச்சிருக்கீங்க?"

நான் அந்த வரிக்கு முன்னால் வேலிக்குறியைப் போட்டேன். கார்டு எப்படி வரும் என்று காட்டினேன். பெற்றோர் பெயருக்குக் கீழே ஒன்றுமில்லை. திரும்பக் கோப்பைக் காட்டினேன். பெயர் இருந்தது.

"இருக்கு, ஆனா இல்ல. அப்படித்தானே?"

"தூங்குதுக்கா."

"தூங்கட்டும். இருபத்தாறு வருசமா அப்படித்தான் தூங்குது."

பிறகு அவரே சொன்னார். மீன் விலை சொல்கிற குரலில்தான் சொன்னார். அண்ணன், பெரிய ரோட்டிலிருந்து உள்ளே போனால் வரும் அம்மன் கோயிலின் தலைவர். தங்கை மாதா கோயிலில் கல்யாணம் செய்துகொண்ட நாளிலிருந்து பேச்சு இல்லை. ஆனாலும் ஒவ்வொரு திருவிழாவுக்கும் அன்னதானச் சமையலுக்குத் தங்கைதான் போகிறார். பிறந்த வீட்டுக் கோயில், யாரும் தடுக்கவில்லை.

"மொத பந்தியில உக்காருவாரு. ரெண்டாவது தடவ சாம்பார் கேட்டு வாங்குவாரு. ஆனா கரண்டியப் பாத்துத்தான் கேப்பாரு, என்னைப் பாத்து இல்ல."

"கல்யாணத்துக்குச் சொல்லியாச்சாக்கா?"

"ஆள் விட்டுச் சொல்லியாச்சு. பதில் இல்ல. மாமன்தான் கையப் பிடிச்சு கூட்டிக்கிட்டுப் போகணும்னு பிள்ளைக்கு ஆசை. பாத்துப் பேசாத மாமன்மேல அப்படி என்ன ஆசையோ." சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "திருவிழா முடிஞ்ச மறுவாரம் கார்டு அடிச்சாகணும். அதுக்குள்ள அவரு வாயால ஒரு வார்த்த வந்தா இத எழுப்புங்க. வரலைன்னா எடுத்துடுங்க."

மூன்று நாள் கழித்து அதே அம்மன் கோயிலின் செயலாளர் வந்தார், ஒரு பென்டிரைவும் ஒரு தாளுமாக. திருவிழாவுக்குப் பேனர் அடிக்க வேண்டும்.

"அண்ணே, முப்பத்தாறு பேரு. படத்துக்கெல்லாம் நம்பர் போட்டிருக்கேன். நம்பர்தான் இடம். நடுவுல அம்மன். அம்மனுக்குக் கீழ பெரிய வட்டம் ரெண்டு. இடது பக்கம் ஒண்ணாம் நம்பர் தலைவரு, வலது பக்கம் ரெண்டாம் நம்பர் உதவித் தலைவரு. அதுக்குக் கீழ எல்லாம் சின்ன வட்டம், வரிசைக்கு எட்டு."

"சரிங்க."

"பத்தாம் நம்பர், தலைவரோட தங்கச்சி. மொத வரிசையில வலது கோடி. அவங்களும் காசு குடுக்கிறாங்க, போடாம விட முடியாது. ஆனா ரெண்டு பேருக்கும் நடுவுல தூரம் இருக்கணும், தெரியும்ல? கவனம் லா அண்ணே. போன வருசம் பொருளாளரு ஒரு வரிசை கீழ போயிட்டாரு. அவரு சம்சாரம் இன்னும் என் வீட்டுப் பக்கம் வரல."

"நம்பர் இருக்கில்ல. மெசின் எண்ணிடும்," என்றேன்.

மறுநாள் மழை. கறுப்புச் சன்னலில் ஒரே கட்டளை எழுதினேன். கோப்புறையில் இருக்கும் படங்களை வரிசையாக எடு, ஒவ்வொன்றையும் வட்டமாக வெட்டு, அடுத்த இடத்தில் ஒட்டு, அந்த எண்ணுக்கு உரிய பெயரைத் தாளில் இருந்தபடி கீழே எழுது. முகம் காட்டாதே. கட்டளையைத் தட்டிவிட்டு நாற்காலியில் சாய்ந்தேன். வெளியே பஸ்கள் வந்து நின்றன, போயின. உள்ளே முப்பத்தாறு பேர் இருட்டில் ஒருவர் பின் ஒருவராக நடந்து போய்த் தங்கள் இடத்தில் உட்கார்ந்துகொண்டிருந்தார்கள். நான் பாதித் தூக்கத்தில் அவர்களுடைய செருப்புச் சத்தத்தைக் கேட்டேன் என்றே சொல்வேன்.

முடிந்ததும் முழுப் பேனரையும் திரையில் சிறிதாகப் பார்த்தேன். முகங்கள் பட்டாணி அளவுக்குத்தான் தெரிந்தன. வட்டங்களை எண்ணினேன். முப்பத்தாறு இருந்தன. தவுக்கேவுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. அம்மன் புடவையின் சிவப்பு நன்றாக வந்திருக்கிறது என்றார். அச்சடித்து, சுருட்டி, செயலாளரிடம் கொடுத்தோம்.

திருவிழாவன்று காலையில் அவர் போன் செய்தார்.

"அண்ணே, உடனே கோயிலுக்கு வாங்க."

"என்னாச்சு?"

"வந்து பாருங்க. என்னால சொல்ல முடியல லா."

தவுக்கேயின் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே போகிற பாதை. கோயில் வேலியில் பேனரைக் கட்டியிருந்தார்கள். அதற்குக் கீழே கூட்டம். அம்மனுக்குக் கீழே இரண்டு பெரிய வட்டங்கள். இடது வட்டத்தில் தலைவர். வலது வட்டத்தில், அவரை ஒட்டி, அவருடைய தங்கை.

உதவித் தலைவர் பேனரின் கீழ்ப்பக்கம் குனிந்து, தன் முகத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றார்.

"பன்னண்டாவது! நான் பன்னண்டாவது!"

"சரியா எண்ணினீங்களா அண்ணே?" என்று யாரோ கேட்டார்கள்.

"மூணு தடவ எண்ணிட்டேன்டா!"

"நீங்களாவது பன்னண்டு. நான் ஒம்போதாம் நம்பரு, கடைசியில கெடக்கேன். எனக்கு அப்புறம் வேலிதான்," என்றார் பக்கத்தில் நின்ற இன்னொருவர்.

அங்கே நின்றபோதுதான் எனக்குப் புரிந்தது. நமக்கு ஒன்றுக்கு அடுத்தது இரண்டு. கணினி கோப்புப் பெயர்களை அப்படி எண்ணுவதில்லை. முதல் எழுத்தைப் பார்க்கும். ஒன்றில் தொடங்குவதெல்லாம் முதலில் வரும். ஒன்று, பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று பத்தொன்பது வரை போய், அதற்குப் பிறகுதான் இரண்டு. ஒற்றை எண்களுக்கு முன்னால் ஒரு சைபர் சேர்த்திருந்தால் தப்பியிருக்கும். நான் சேர்க்கவில்லை. முகத்தைப் பார்த்திருந்தாலும் தப்பியிருக்கும். அதையும் நான் செய்யவில்லை.

இரண்டு முகமும் ஒரே அளவு. ஒரே அகல நெற்றி. இடது புருவம் மட்டும் கொஞ்சம் தூக்கியிருப்பதும் ஒரே மாதிரி. அவர்கள் அண்ணன் தங்கை என்பது ஊருக்கெல்லாம் தெரிந்ததுதான். ஆனால் கூட்டம் ஏதோ புதுச் செய்தியைப் படிப்பது போல அண்ணாந்து நின்றது.

தலைவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். உயரமான மனிதர், அறுபது வயதுக்கு மேல். எல்லாரும் அவர் வாயைப் பார்த்தார்கள்.

"என் பட்டம் எங்க?" என்றார்.

"என்னாங்க?" என்றார் செயலாளர்.

"பேருக்குப் பின்னால பட்டம் வரணும். அரசாங்கம் குடுத்தது. காணோமே."

"தாள்ல எழுத மறந்துட்டேங்க."

"பட்டத்த விடுங்கண்ணே," என்று உதவித் தலைவர் கத்தினார். "மொதல்ல இதக் கழட்டச் சொல்லுங்க."

தலைவர் என் பக்கம் திரும்பினார்.

"நீதான் போட்டியா? மொகத்தப் பாத்துத்தானே போடுவாங்க?"

"நான் பாக்கறதில்லீங்க. நம்பர் சொன்னா மெசினே எடுத்து வைக்கும். ஒண்ணுக்கு அடுத்தது பத்துன்னு வச்சிருச்சு. நான் சரியாச் சொல்லியிருக்கணும். தப்பு என்னோடதுங்க."

"ஒண்ணுக்கு அடுத்தது பத்தா?"

"அது அப்படித்தாங்க எண்ணும்."

அதற்குள் யாரோ சமையல் கொட்டகைக்குச் சேதி சொல்லியிருக்க வேண்டும். அக்கா வந்தார். கையில் தேங்காய்த் துருவல் ஒட்டியிருந்தது. பேனரைப் பார்த்ததும் அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார், படத்துக்கு நிற்பவர் மாதிரி.

"போயும் போயும் மூக்குத்தி போடாத படத்தையா இவ்வளவு பெருசா போட்டீங்க?" என்றார்.

சிரிப்பு எழுந்தது. அவர் அண்ணன் பக்கம் திரும்பவில்லை. கொட்டகைக்குள் போய்விட்டார்.

"கழட்டலாமாங்க?" என்று செயலாளர் கேட்டார்.

"மழை வரப் போகுது," என்றார் தலைவர். "ஈரத்துல கழட்டினா கிழியும். இருக்கட்டும்."

வானத்தில் மேகமே இல்லை. ஆனால் யாரும் மேலே பார்க்கவில்லை.

உதவித் தலைவரைச் சமாதானப்படுத்த வேறு பேனர் ஒன்றை இலவசமாக அடித்துத் தருவதாகச் சொன்னேன். தவுக்கே என்னை ஒரு நாள் முழுக்கத் திட்டினார். அதெல்லாம் பெரிதாக உறைக்கவில்லை. அன்றைக்குப் பந்தியில் நானும் உட்கார்ந்திருந்தேன், தலைவருக்கு எதிர் வரிசையில். அவர் இரண்டாவது தடவை சாம்பார் கேட்டார். கரண்டியைப் பார்த்துத்தான் கேட்டார்.

மறுவாரம் அக்கா போன் செய்தார்.

"அவரு ஒண்ணும் சொல்லல தம்பி. நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் பாருங்க. அப்புறம் அந்த வரிய எடுத்துட்டு அடிச்சிடுங்க."

"தூங்கட்டுமேக்கா. எடுக்க வேண்டாமே. கார்டுலதான் வராதே."

"வேணாம் தம்பி. இருக்குன்னு நெனப்பு இருந்துக்கிட்டே இருக்கும்."

மறுநாள் மத்தியானம் நிஜமாகவே மழை. ஒரு பஸ் நின்றது. இறங்கியவர்கள் ஓடி வந்து எங்கள் கடைக் கூரைக்குக் கீழே ஒதுங்கினார்கள். அந்தக் கூட்டத்திலிருந்து ஒருவர் பிரிந்து கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். தோள் நனைந்திருந்தது. தலைவர்.

"மெசின் எண்ணுறதக் காட்டு," என்றார்.

கறுப்புச் சன்னலைத் திறந்து, பேனர் படங்களின் கோப்புறையைப் பட்டியல் போடச் சொன்னேன். எண்கள் விழுந்தன. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, என் தோளுக்கு மேல் குனிந்து படித்தார். ஒன்று. பத்து. பதினொன்று. விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார்.

"நெசமாத்தான் எண்ணுது," என்றார். நான் அவரை ஏமாற்றியிருப்பேன் என்று இத்தனை நாள் நினைத்திருக்கிறார் போல.

மழை கண்ணாடியில் வழிந்துகொண்டிருந்தது. தெருவும் பஸ்ஸும் கரைந்து ஒரே நிறமாகத் தெரிந்தன.

"கல்யாணக் கார்டு இங்கதான் அடிக்கிறாங்கன்னு சொன்னாங்க."

"ஆமாங்க."

"காட்டு."

கார்டின் வாசகக் கோப்பைத் திறந்தேன். மேலிருந்து நிதானமாகப் படித்துக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் நின்றார்.

"இது என்ன, என் பேருக்கு முன்னால வேலி?"

"அந்த வரி கார்டுல வராதுங்க. எழுதி வச்சிருக்கு, ஆனா தூங்குது."

"யாரு போடச் சொன்னா?"

"அவங்கதான். உங்க வாயால ஒரு வார்த்த வந்தா எழுப்பச் சொன்னாங்க. வரலைன்னா இன்னைக்குச் சாயங்காலம் எடுத்துடச் சொன்னாங்க."

வெளியே பஸ் கிளம்பியது. கூரைக்குக் கீழே நின்றவர்கள் ஓடிப்போய் ஏறிக்கொண்டார்கள். கடை திடீரென்று அமைதியானது.

"எழுப்ப எது பட்டன்?"

மினுங்குகிற கோட்டை அந்த வரியின் தொடக்கத்தில் கொண்டுபோய் வைத்து, அழிக்கும் பொத்தானைக் காட்டினேன். அவர் தன் பெருவிரலால் அழுத்தினார். அழுத்திய விரலை எடுக்கத் தெரியவில்லை. வேலிக்குறி போயிற்று, அதன் பின்னாலேயே தாய்மாமன் போயிற்று, பெயரிலும் பாதி போயிற்று.

"அலமாக்! பேரு போச்சே!"

"விரல எடுங்க! பரவாயில்லைங்க, திரும்ப அடிச்சிடலாம்."

"அடி, அடி." நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "இந்தத் தடவ பட்டத்த விட்டுடாத."

பாதி விரல்களோடு நான் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினேன். அவர் ஒவ்வொரு எழுத்தையும் முணுமுணுத்துச் சரி பார்த்தார். பட்டத்தின் கடைசிப் புள்ளி விழுந்ததும் நிமிர்ந்தார்.

"நான் வந்தத அதுகிட்ட சொல்லாத," என்றார். மழைக்குள் இறங்கிப் போனார்.

அன்றைக்கு மட்டும் நான் கறுப்புச் சன்னலை மூடிவிட்டு, நிரலை எல்லாரும் திறக்கிற மாதிரி திறந்தேன். எதிர்க்கடையில் கோப்பி வாங்கிக்கொண்டு வந்தேன். தூரிகைகளை ஏற்றுகிறேன், எழுத்துருக்களை ஏற்றுகிறேன் என்று அது சொல்லிக்கொண்டே இருந்தது. ஏற்றட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். கடைசியில் கார்டு திரை முழுக்கத் திறந்தது. சிலுவையும் விளக்கும் ஒரே அளவில் இருந்தன. பெயர்களை ஒன்று விடாமல் படித்தேன்.

இரண்டு நாள் கழித்து அக்கா கார்டுப் பெட்டியை வாங்க வந்தார். மேலே இருந்த ஒரு கார்டை எடுத்து, வெளிச்சத்துக்காகக் கண்ணாடி ஓரம் போனார். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் படித்து முடிக்க வெகுநேரம் ஆனது.

"தம்பி, பட்டம் நான் சொல்லலையே."

நான் பெட்டியைக் கட்டக் கயிறு தேடினேன்.

"பேனரப் பாத்துப் போட்டீங்களா?" என்று கேட்டார். பிறகு அவரே, "பேனர்ல பட்டம் இல்லையே," என்றார்.

கார்டைப் பெட்டிக்குள் வைத்தார். திரும்ப எடுத்தார். வெளியே பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு சூப் கடையைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

"வந்தவரு உக்காந்தாரா, நின்னுக்கிட்டே இருந்தாரா?"

சொல்லக் கூடாது என்று சொன்னது நினைவுக்கு வருவதற்குள் என் வாய் முந்திக்கொண்டது.

"நின்னுக்கிட்டுத்தான்கா. இங்க இருக்கிறது ஒரே நாற்காலி."

"முட்டி வலிக்காரரு அவரு," என்றார் அக்கா. முகத்தைக் கார்டால் மறைத்திருந்தாலும் குரலில் கோபம் இருந்தது. "நீங்க எந்திரிச்சு அதக் குடுத்திருக்கக் கூடாதா?"